கம்பம் பிடித்தவள்

நம்பாதவர்கள் மன்னார்ப் பக்கம் தாழ்வுபாட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ரீவி அன்ரனாக் கம்பம் இன்றைக்கும் லோறன்சின் வீட்டு வளவுக்குள் நிற்கிறது. ஒருவரும் அதைப் பிடுங்கவில்லை. பிடுங்குவதென்றால் அதைத் தொட வேண்டுமே.

நாட்டில் எண்ணெயும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று சனம் அலைந்த வருடத்தில் நடந்தது இது. நடந்தது பிறின்சிக்கு. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. தாய் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனதிலிருந்து தாய்மாமன் லோறன்ஸ் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பது அழகுக்குச் சொல்வது. மாமி மேரி ரோஸ் அவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்து, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் கருவாடு காயும் பந்தலுக்குமாக ஓட விட்டிருந்தாள்.

டிஷ்சுக்குக் காசு கட்ட முடியாமல் போனதும் மாமா பேசாலைப் பக்கம் ஒரு வீட்டில் போய், கழற்றிப் போட்டிருந்த பழைய இரும்புக் கம்பத்தை அன்ரனாவோடு சேர்த்து வாங்கி வந்து நட்டார். அது மணலில் உறுதியாக நிற்கவில்லை. சோளகக் காற்று அடிக்க அடிக்கத் திரும்பும். ரீவியில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். ஆனால் ஓர் ஆள் போய்க் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டால் போதும், படம் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். கையை எடுத்தால் மறுபடி புள்ளி. கயிறு கட்டிப் பார்த்தார்கள், கல் வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆளின் கைதான் வேண்டும்.

அந்த ஆள் பிறின்சி.

ஒவ்வொரு நாளும் இரவு ஏழரைக்கு ‘செவ்வந்தி விலாசம்’. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய மர்ம நாடகம். புதிது போட வழியில்லாமல் சானல்காரர் பழையதை மறுபடி போட்டார்கள். ஒரு பெரிய பங்களா. அதற்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொன்றது யார் என்பதைக் கண்டுபிடிப்பதில் மாமி வீடே பைத்தியமாக இருந்தது. மாமி டொக்டர் என்றாள். மகன் அருள்நேசன் வக்கீல் என்றான். மகள் றொஷேல் தாதிதான் என்று சத்தியம் பண்ணினாள்.

பிறின்சிக்கு அந்த நாடகத்தில் முகங்களே இல்லை. யன்னலால் வருகிற சத்தம் மட்டும். டொக்டரின் செருமல், தாதியின் கண்ணாடிக் காப்பு, வக்கீலின் கைத்தடி. அவற்றுக்கெல்லாம் அவளாகவே முகம் வைத்தாள். இரவு படுக்கும்போது அந்த முகங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்ப்பாள். ஒருநாள், ஒரே ஒரு நாளாவது, உண்மையான முகங்களைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, நாடகம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

“தாதி இல்லை மச்சாள்.”

றொஷேல் திரும்பிப் பார்த்தாள். பிறின்சியைவிட ஒரு வயது மூத்தவள். “உனக்கென்னடி தெரியும்? நீ படமே பாக்கிறேல்லையே.”

“தாதி நடந்தாக் காப்புச் சத்தம் கேக்கும். பெரியையா செத்தண்டைக்குக் காப்புச் சத்தம் கேக்கேல்லை. ஆரோ மணிக்கூட்டுக்குச் சாவி குடுத்தது. கிறிக் கிறிக்கெண்டு. டிரைவர் செத்தண்டைக்கும் அதே சத்தம்தான்.”

அருள்நேசன் கதிரையில் அடித்துச் சிரித்தான். “அம்மா, இஞ்ச பாருங்கோ, எங்கட வீட்டுச் சீஐடி! குசினியில சட்டி களவு போனாலும் இவளையே கேப்பம்.”

“சரி, பந்தயம்,” என்றாள் றொஷேல். “தாதி இல்லையெண்டாக் கடைசி நாள் நீ உள்ளுக்க இருந்து பார். அண்ணா கம்பம் பிடிப்பான்.”

“நான் ஏன்டி?”

“பேயா, இவள் எங்க வெல்லப்போறாள்?”

மாமி சிரித்துக்கொண்டே, “ஓம், அப்பிடியே செய்யுங்கோ,” என்றாள்.

பிறின்சி ஒன்றைச் சொல்லவில்லை. மணிக்கூட்டுச் சத்தத்தை அவள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கம்பத்தடியில் நின்றபோது யாரோ சொன்னது மாதிரிக் கேட்டது.

‘மணிக்கூடு… கவனி…’

தன்னுடைய மனம்தான் என்று நினைத்தாள்.

வேறு சில விசயங்களும் இருந்தன. கம்பத்தில், அவளுடைய மணிக்கட்டின் உயரத்துக்கு, தங்கூசி நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. தூண்டிலுக்குப் போடுகிற அதே நைலோன் நூல்தான். நாள்பட்டு இறுகி, இரும்போடு இரும்பாகிவிட்டது. அருள்நேசன் கத்தியால் வெட்டப் பார்த்தான். கத்திதான் மழுங்கியது.

சில நாட்களில் அவள் போய்ப் பிடிக்கும்போது கம்பம் சுட்டது. வெயில் சூடு இல்லை. யாரோ இவ்வளவு நேரமும் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்த மாதிரி… ஈரச் சூடு.

காற்று விழுந்த நேரங்களில் இழுப்புக்காரர் மூச்சு விடுகிற மாதிரி விசில் சத்தம் ஒன்று. கம்பத்தின் ஓட்டையால் காற்றுப் போகிறது என்றார் மாமா. ஆனால் அந்த நேரத்தில் காற்று இருக்காது.

வியாழக்கிழமை இன்னொன்றும் நடந்தது. நாடகத்து வசனம் அவளுக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் காதோரம், மெதுவாக. “கதவைத் திறக்காதே…” பிறகுதான் யன்னலுக்குள்ளே அந்த நடிகை கத்தினாள். “கதவைத் திறக்காதே!”

அன்றைக்குத் தாதி செத்துப்போனாள்.

உள்ளே றொஷேல் எதையோ தூக்கி எறிந்தது கேட்டது. பிறின்சி கம்பத்தைப் பிடித்தபடியே சிரித்தாள். வென்றுவிட்டாள். நாளைக்குக் கடைசி நாள். நாளைக்கு முகங்கள்.

வெள்ளிக்கிழமை மின்வெட்டு ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை என்று அறிவித்திருந்தார்கள். அருள்நேசன் கூட்டாளியின் ஓட்டோவிலிருந்து பற்றரியைக் கழற்றி வந்து, பழைய பன்னிரண்டு வோல்ட் ரீவியைப் பூட்டினான். பற்றரி இறங்கிப்போகாமல் மற்றதெல்லாம் அணைக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சனம் வந்து அடையாமல் படலையையும் பூட்ட வேண்டும். மாமி எல்லாவற்றையும் முதல்நாளே திட்டம் போட்டு வைத்திருந்தாள். மாமா வீட்டில் இல்லை. மண்ணெண்ணெய் வரிசையில் கலனை வைத்துவிட்டு இரண்டு நாளாக மன்னார் ரவுணில் படுத்திருந்தார்.

ஏழு இருபத்தைந்து. ஊரே இருட்டு. அருள்நேசன் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனான். “ஒருநாள் ராசாத்தி. இருந்து பாரடி.”

பிறின்சிக்குக் கதிரை கொடுக்கவில்லை. றொஷேலின் கதிரைக்குப் பின்னால் நிலத்தில் குந்தினாள். அது போதும்.

படம் வந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை.

டொக்டர் வழுக்கைத் தலை. வக்கீல் அவள் நினைத்ததைவிட இளமை. இவ்வளவு நாளும் இருட்டில் தொட்டுப் பார்த்த ஆட்களை முதன்முறை வெளிச்சத்தில் பார்க்கிறாள்.

“இண்டைக்கு என்ன வடிவாத் தெரியுது!” என்றாள் மாமி. “இவ்வளவு நாளும் இந்தச் சனியன் பஞ்சிப்பட்டுக்கொண்டு பிடிச்சிருக்கு. பார், என்ர பிள்ளை பிடிக்கிறான்.” வெளிப்பக்கம் கத்தினாள். “அருள், அப்பிடியே பிடி மோனை!”

“ஓம்…” என்று வெளியே கேட்டது.

ஏழு ஐம்பத்திரண்டு. படத்தில் எல்லோரும் மண்டபத்தில் கூடிவிட்டார்கள். வெளிச்சம் அணைகிறது. இருட்டில் மணிக்கூட்டுச் சத்தம்.

கிறிக்… கிறிக்…

குசினிக் கதவு திறந்தது. அருள்நேசன் பணிஸ் தின்றுகொண்டு உள்ளே வந்தான்.

மாமி திடுக்கிட்டாள். “கம்பம்?”

“நான் அப்பவே விட்டிட்டு வந்திட்டன். குசினிக் கதவிடுக்கால பாத்துக்கொண்டு நிண்டனான். படம் நல்லாத்தானே கிடக்கு.”

“அப்ப ஓம் எண்டது?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

ஒருவரும் அசையவில்லை. படமும் அசையவில்லை. கண்ணாடி மாதிரி நின்றது.

“பக்கத்து வீட்டுச் சனியன் ஆரோ வேலி பாய்ஞ்சிருக்கு,” என்றாள் மாமி. “பிறின்சி, போய்ப் பார்.”

“மாமி… இன்னும் கொஞ்சம்தான். முகம் காட்டப்போறாங்கள்…”

“போ எண்டாப் போ!”

“பந்தயத்தில வெண்டனான் மாமி…”

மாமி அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போய் வெளியே தள்ளினாள். றொஷேல் ஓடிவந்து கதவுக்குக் கொண்டி போட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம்.

இருட்டு. சோளகம் அள்ளி அடித்தது. வேலியோலை படபடவென்று அடித்தது.

கம்பம் மட்டும் அசையவில்லை.

ஒருவரும் இல்லை. பிறின்சி கிட்டப் போனாள். பழக்கத்தில் கையை நீட்டிப் பிடித்தாள்.

ஏற்கெனவே அங்கே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. ஈரம். விரலுக்கு மேல் நூல் இறுகியிருந்தது.

காதோரம் அந்த மூச்சு. விசில்… விசில்…

யன்னலுக்குள்ளே இசை ஏறியது. பிறின்சி காதைக் கொடுத்தாள். பக்கத்திலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தார்கள்.

வசனம் வரவில்லை.

இசை மட்டும். முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். பேரைச் சொல்லவில்லை.

“ஐயோ, இவனா!” என்றாள் மாமி உள்ளே. நாடகம் முடிந்துவிட்டது.

காதோரம் கேட்டது.

“ஆர்?”

“எனக்குத் தெரியா,” என்றாள் பிறின்சி.

“ஆர்?”

அவளுடைய மணிக்கட்டையும் நூல் சுற்றியது.

“மாமி!” என்று அலறினாள். “ஆர் எண்டு சொல்லுங்கோ! ஒருக்காச் சொல்லுங்கோ!”

உள்ளே மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “சொல்ல மாட்டமே!” என்று றொஷேல் பாட்டுப் படித்தாள்.

நூல் இறுகியது. தோல் வெட்டியது.

“நான் பாக்கேல்லை,” என்று அழுதாள் பிறின்சி. “என்னைப் பாக்க விடேல்லை… என்னையும் பாக்க விடேல்லை…”

மூச்சு நின்றது. கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

பிறகு, மிக மெதுவாக…

“பாத்த ஆளைக் கூப்பிடு.”

நூல் தளர்ந்தது.

பிறின்சி ஓடியிருக்கலாம். கிணற்றைச் சுற்றி, வேலியைத் தாண்டி, கடற்கரைக்குப் போயிருக்கலாம். அவள் ஓடவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கதவைப் பார்த்து நின்றாள்.

“மச்சாள்,” என்றாள். அவளுடைய குரல் நடுங்கவே இல்லை. “இஞ்ச ஒருக்கா வாங்கோ. ஒண்டு காட்டுறன்.”

கொண்டி விழுந்தது. றொஷேல் சிரித்துக்கொண்டே இருட்டுக்குள் வந்தாள். “என்னடி? அழுது முடிஞ்சுதோ?”

பிறின்சி கிணற்றடிப் பக்கம் ஒதுங்கினாள்.

றொஷேல் தட்டுத்தடவிக் கம்பத்தைப் பிடித்தாள்.

“ஆர்?”

“சொல்ல மாட்டன்,” என்றாள் றொஷேல், கேட்டது பிறின்சிதான் என்று நினைத்து.

“ஆர்?”

“கெஞ்சு. சொல்லுறன்.”

“ஆர்…?”

“சொல்ல மா…”

பாதியில் நின்றது.

மாமி ரோச்லைற் கொண்டு வந்தபோது றொஷேல் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். கண் திறந்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் நூல் வெட்டின மாதிரி மெல்லிய சிவப்பு வளையம். நூலைக் காணவில்லை. விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

றொஷேல் உயிரோடுதான் இருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. பெரியாஸ்பத்திரியில் எல்லாம் சோதித்து, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். பகலில் சும்மா இருப்பாள். ஏழரை ஆனால் அவளுடைய நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இழுப்பே வந்ததில்லை.

கொலைகாரன் யார் என்று பிறின்சிக்கு இன்னும் தெரியாது. மாமியும் அருள்நேசனும் அந்த நாடகத்தின் பெயரைக்கூட எடுப்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மாமா பேசாலைக்குப் போனார். கம்பம் விற்ற வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மனுசிதான் சொன்னாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி அந்த வீட்டில் வேலைக்கு ஒரு பிள்ளை நின்றதாம். மறிச்சுக்கட்டிப் பக்கமிருந்து கொண்டுவந்த பிள்ளை, சிவலட்சுமி என்று பேர். இழுப்புக்காரி. ‘செவ்வந்தி விலாசம்’ முதல்முறை போன காலம். கம்பம் பிடிக்க விட்டால், கையை எடுத்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்க்க ஓடிவருவாளாம். அதனால் கடைசி நாள், இரண்டு கையையும் கம்பத்தோடு சேர்த்துத் தங்கூசியால் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு மழை. நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இழுப்பு வந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நாடகம் முடிந்து போய்ப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்துவிட்டது.

“அவ்வளவு நேரமும் ஒருத்தரும் வெளியில வந்து பாக்கேல்லையோ?” என்று கேட்டார் மாமா.

“ஏன் வந்து பாக்கிறது?” என்றாள் அந்த மனுசி. “படம் கடைசி மட்டும் வடிவாத் தெரிஞ்சதாமே.”