அம்மாவுக்கு நான் செய்த விசைப்பலகை

ஊரில் எல்லோர் போனிலும் இருக்கிற ஒன்றைச் செய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது. இரண்டு எழுத்தைத் தட்டினால் மீதி வார்த்தையைத் திரையே நீட்டுமே, அதுதான். கடைப்போனில் அது வாங்கும்போதே வருகிறது. ஆனால் நான் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லினக்ஸ் மென்பொருள் ஓடும் போன்காரன். கடைப்போன் நாம் தட்டுவதையெல்லாம் எவனுக்கோ போட்டுக்கொடுக்கும் என்று எட்டூருக்கு உபதேசம் செய்கிறவன். சேந்தமங்கலத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அம்மா தட்டுவதை எந்த ராஜாங்கம் ஒட்டுக்கேட்கப்போகிறது என்று என் மண்டையில் அப்போது உறைக்கவில்லை.

அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. அப்பா இறந்தபின் பண்ணையை அவள் வாயால்தான் நடத்தினாள். தீவனத்துக்கு மக்காச்சோளம் வந்தால் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். ஈரமென்றால் வைகிற வசவில் லாரி வந்த வழியே திரும்பும். ஈரச் சோளம் பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்ற கோழி முட்டையை நிறுத்தும். இப்போது அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிப்பதற்குள் லாரியே காலியாகிவிடும் போலிருந்தது.

"வாயில்லாம எப்படிச் சாமி பண்ணயம் பாக்கறது? குத்தகைக்கு உட்டுப்போடலாம்" என்றார் சித்தப்பா. அம்மா மாட்டேனென்று தலையாட்டினாள். "அப்படீன்னா கடையில ஒரு நல்ல போன வாங்கிக் குடு. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறயே" என்று என்னிடம் திரும்பினார்.

நான் கொள்கை பேசினேன். அம்மாவின் தொண்டையில் ஓட்டை, மகனுக்குக் கொள்கை! தூ.

லினக்ஸ் போனின் திரை விசைப்பலகையில் வார்த்தை காட்டும் பட்டையே கிடையாது. சேர்க்கலாமா என்று, அந்த மென்பொருளை எழுதுகிறவர்களின் இணையக் குழுவில் கேட்டேன். தமிழில் ஒரு வரி படிக்கத் தெரியாத நாலு மேதாவிகள், அந்தப் பட்டை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று ஆறு வாரம் அடித்துக்கொண்டார்கள். ஐந்தாவது மேதாவி நான். கடைசியில் நானே எழுதிச் சேர்த்தேன். இலவசமாகக் கிடைத்த சொற்பட்டியலைப் போட்டுப் பார்த்தால், "கோ" என்று தட்டியதும் கோபுரம் வந்தது, கோட்பாடு வந்தது. கோழி வரவில்லை.

வீட்டுப் பேச்சு வேண்டும். அதற்கும் என் மூளை ஒரு வழி கண்டது. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் நடந்த செய்திகளை அப்படியே எடுத்தேன். அவள் பக்கம் எல்லாம் குரல் செய்தி, எழுத்து ஒன்றுகூட இல்லை. அவள் தட்டமாட்டாள், பேசி அனுப்புவாள். எதற்கும் ஒரே பதில்: "செரி சாமி, சாப்புட்டுட்டு வேலையப் பாரு." குரல் என் நிரலுக்கு ஆகாது. தள்ளிவிட்டு, நான் எழுதியதை மட்டும் ஊட்டினேன். எந்த வார்த்தைக்குப் பின் எது வரும் என்பதையும் அதிலிருந்தே விசைப்பலகை கற்றது. அசல் கொங்குப் பேச்சாக்கும் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அதில் ஒரு செய்தியையாவது படித்துப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். சோள லாரியும் அன்றே வந்தது. அம்மா மூட்டைக்குள் கையை விட்டாள், முகம் சுண்டியது. ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டப்போனாள். நான்தான் தடுத்தேன். "கையெல்லாம் ஆட்டாதம்மா, போன்லயே சொல்லு."

தட்டினாள். "சோ" என்றதும் "சோறு தின்னுட்டேன்" என்றது. "வே" என்றதும் "வேலை இருக்குது" என்றது. "தி" என்றதும் "திங்கக்கெழமை பாக்கலாம்" என்றது. அவள் அழித்து அழித்துத் தட்ட, நான் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றேன். அவள் தேடியது சோளம், வேண்டாம், திருப்பு. அதுகூட எனக்குப் புரியவில்லை, ஈரச் சோளம் எது காய்ந்தது எது என்று தெரியாத பண்ணைக்காரி மகன்.

"எறக்கட்டுங்களா?" என்றார் ஓட்டுநர்.

"எறக்குங்கப்பா, எத்தன நேரம் நிக்கறது" என்றார் சித்தப்பா.

மூட்டைகள் இறங்கத் தொடங்கின. அம்மா அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பழகப் பழக அது கத்துக்கும்மா" என்றேன்.

அவள் ஒரு எழுத்தும் தட்டவில்லை. பட்டையில் தானாக வந்த வார்த்தைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இப்ப வேலையா இருக்கேன் அப்பறம் கூப்புடறேன்."

விசைப்பலகைமேல் தப்பு சொல்ல முடியாது. அவளுக்கு நான் அதிகம் எழுதியது அதைத்தான். அம்மா போனைத் தாழ்த்தாமல் பதிலுக்கு நின்றாள்.

"செரிம்மா" என்றேன்.

போனை என் சட்டைப்பையில் போட்டாள். நேராகப் போய் லாரியில் ஏறி, மிச்சமிருந்த மூட்டைகள்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஓட்டுநர் சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். கீழே கிடந்த மூட்டைகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார்.