கோடு போடாத தாள்கள்

2007ஆம் ஆண்டு ஜூன் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்குச் செல்லக்கனி சிவகாசியில் ஓர் அச்சகத்தின் வாசலில் வந்து நின்றாள். அங்கே மெய்ப்புத் திருத்தும் தனுஷ்கோடிக்கு நேரம் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு ஆலை வெடித்த சத்தம் கேட்டிருந்தது. சத்தம் கேட்டால் அந்த ஊரில் எல்லோரும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். ஆள் உள்ளே இருக்கும் வேலை நேரமா, சாப்பாட்டு நேரமா என்று தெரிந்தாக வேண்டும்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். விரலிடுக்கில் பசை காய்ந்திருந்தது. வெடிக்குக் குழாய் சுருட்டுகிறவள். மடித்த தாள்கட்டு ஒன்றை நீட்டினாள்.

"அண்ணாச்சி, இதுக்கு அடுத்த பக்கம் இருந்தா குடுங்க. எங்க கம்பெனிக்கு வந்த கட்டுல அது மட்டும் இல்ல."

பைண்டிங் சங்கையா சிரித்தார். "ஏ தாயி, வெடி சுத்தவும் பக்கம் பாத்துத்தான் சுத்துவீகளோ?"

"ஆமா அண்ணாச்சி. பக்கம் மாறுனா வெடிக்காதாம்."

அச்சகங்களில் பாழான தாள் வெடிக்குழாய்க்குப் போவது அங்கே வழக்கம். இவை தேர்வு வழிகாட்டி ஒன்றின் தாள்கள்: ஒருபுறம் ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் பொருளும், மறுபுறம் இலக்கிய நூல்களும் அவற்றின் கருப்பொருளும். பத்தே நாளில் அரசு எழுத்தர் தேர்வு. பொதுத் தமிழை விட்டு அவள் பொது ஆங்கிலம் எடுத்ததே, அதற்கான தாள் காசில்லாமல் கைக்கு வந்ததால்தான். ஐந்து மாதமாக மனப்பாடம்.

"தேறிட்டா தப்பிச்சேன் அண்ணாச்சி. ஆடி பொறந்தா சீசன். என்னைய வெடிமருந்து அடைக்கிற ரூமுக்கு மாத்தப் போறாகளாம். நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல ஏழு பேர உக்கார வைக்காக. எங்க அக்கா கடைசியா இருந்த ரூமு."

தாள்கட்டைத் தனுஷ்கோடியின் மேசையில் பிரித்து வைத்தாள்.

தனுஷ்கோடி தாளைப் பார்த்தார். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு நேரே 'அடைமழை' என்றிருந்தது. இரங்கற்பாவுக்கு நேரே கல்யாணக் கேலி. பொருள் வரிசை முழுவதும் ஒரு வரி கீழிறங்கியிருந்தது. தை மாதத்தில், இரண்டாயிரம் தாள் ஓடிய பிறகு அவரே கண்டுபிடித்த பிழை. பிழையான தாளைக் கழிவுக்கு அனுப்புமுன் குறுக்கே சிவப்புக்கோடு இழுக்க வேண்டும் என்பது அச்சக விதி. கோடு இழுத்தால், பிழை யாருடையது என்ற கேள்வி முதலாளி வரைக்கும் போகும். ஆகவே மை அப்பிவிட்டது என்று சொல்லி, கோடு போடாமலே எடைக்குத் தள்ளியிருந்தார்.

"இதெல்லாம் தப்பும்மா."

"ப்ளூ மூன்னா அடைமழை இல்லியா?"

"இல்ல. எப்பவாவது, அபூர்வமா."

"நம்ம ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான?" என்று சிரித்தவள், அவர் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். "எம்புட்டுத் தப்பு?"

"ரெண்டு பக்கமும்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"கோடு போட வேண்டியது யாரு?"

"நான்தான். நீ முதலாளிகிட்டச் சொன்னா, என் தப்புக்கு ஈடா இங்க பைண்டிங்ல உனக்கு ஒரு வேலை குடுத்துத்தான் ஆகணும். நான் மறுக்க மாட்டேன்."

"உங்க பொழப்பு போயிருமே," என்றாள். திருத்திய தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

தேர்வுக்கு மறுநாள் வந்தாள். "புதுசும் தெரியுது அண்ணாச்சி. கேள்வியப் பாத்ததும் கை பழசுக்குத்தான் போகுது."

ஆடி முதல் தேதி அவளை மருந்தறைக்கு மாற்றினார்கள். அடுத்த தையில் முடிவு வந்தபோது, தேர்ச்சிக்கு நான்கு கேள்விக்கான மதிப்பெண் குறைந்திருந்தது. தனுஷ்கோடி வினாத்தாளை வாங்கி எண்ணினார். அந்தத் தாளிலிருந்து வந்தவை ஒன்பது.

இப்போது 2009. இன்று பதினொன்றே காலுக்கு ஒரு சத்தம் கேட்டது. கையிலிருந்த சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதன்பின் ஒரு பக்கமும் திருத்தவில்லை. மாலை ஆறேகாலுக்குக் கம்பெனி வேன் தெருவைக் கடந்தது. ஜன்னலோரம் செல்லக்கனி இருந்தாள். முழங்கை வரை அலுமினியப் பொடியின் வெள்ளி. வழக்கம்போலக் கையை உயர்த்தினாள்.

முதலாளியின் அறை பத்தடி தூரத்தில் இருக்கிறது. கோடு போடாததைத் தாமே போய்ச் சொல்லிவிடலாம் என்பது தனுஷ்கோடிக்குத் தெரியும். அவள் சொல்லட்டும் என்றுதான் இரண்டு ஆண்டாகக் காத்திருக்கிறார். அவள் ஒருநாளும் வேனை நிறுத்தச் சொன்னதில்லை.