நசுங்காத எலுமிச்சம்பழம்

கார் விற்கிறவனுக்கு வாய்தான் முதல். மானம் போவதும் அதே வாயால்தான். எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆரணியில் ஒரு கார் ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன்.

சமதளத்தில் கொடுத்த வாக்கு

சேவூர் ஏகாம்பரத்துக்குப் பட்டுச்சேலை வியாபாரம். முதுகுவலியால் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி கடைகளுக்குச் சேலை கொண்டுபோக அவர் மனைவி கலைவாணிதான் ஓட்ட வேண்டும். ஆனால், அவர் ஓட்டக் கற்றபோது ஒரு மேட்டில் வண்டி பின்னால் உருண்டு யாரோ ஒருவரின் பைக்கைச் சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கையே தொடவில்லை.

“ஆட்டோமேட்டிக் மேடம். கிளட்ச்சே கிடையாது. பிரேக்கை விட்டா தானா முன்னால போவும்” என்றேன். வந்தவாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். சமமான ரோடு, அப்படியே முன்னால் போனது. இறங்கும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“உங்க வார்த்தைய நம்பித்தான் எடுக்கறேங்க.”

கோயில் மேடு

டெலிவரி அன்று கோயிலில் பூஜை. வாசல் நல்ல ஏற்றம். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கலைவாணி கியரை ‘டிரைவ்’ நிலையில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி நிதானமாகப் பின்னால் வந்தது. பின்னால் பூசணிக்காயோடு நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். நான் டிக்கியில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன், ஏதோ நான் தாங்கிவிடுவேன் என்பதுபோல. நல்லவேளை, அவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

பழம் நான்கும் வைத்த இடத்தில் முழுசாக இருந்தன. நான் கூனிக் குறுகிப் போனேன். ஏகாம்பரத்தின் தங்கை உரக்கக் கேட்டார்:

“இன்னா சார் இது, வண்டி உங்க ஷோரூமுக்கே திரும்பிப் போவுது?”

மேனேஜர் அறை

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாடலில் பெடல்தான் இல்லை, கிளட்ச் இருக்கிறது. நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அதை இயக்குகிறது. பிரேக்கை விட்டதும் அது லேசாகத்தான் பிடிக்கும். சமதளத்தில் நகர அது போதும்; மேட்டில் வண்டியின் எடை ஜெயித்துவிடும். நாம் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்வரை பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி விலை கூடிய மாடலில் மட்டும்தான். இனி வரும் கஸ்டமர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“ஆரணியில ஏதுப்பா மலை? நீயே சொல்லிகினு இருந்தா எவன் வாங்குவான்?”

மறுபடியும் கோயில் மேடு

ஞாயிற்றுக்கிழமை சேவூருக்குப் போனேன். புது வண்டி உறைபோட்டு நின்றது. ஏகாம்பரம் முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு, சேலை மூட்டையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தெரியாம சொல்லிட்டேன் மேடம். ஒரே ஒரு தடவை வாங்க” என்று கலைவாணியைக் கெஞ்சி அதே மேட்டுக்குக் கூட்டிப்போனேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து, வண்டி முன்னால் இழுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டு, அவருக்குத் தைரியம் வரட்டும் என்று இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் மேலே ஏறியது. திரும்பி வந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

“இந்தத் தடவ உங்க வார்த்தைய நம்பலீங்க, ஹேண்ட் பிரேக்கத்தான் நம்பினேன்.”

இப்போதெல்லாம் டெஸ்ட் டிரைவை அந்த மேட்டில்தான் ஆரம்பிக்கிறேன். மேனேஜர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் எனக்கும் இன்னும் தலை நிமிர்வதில்லை.