குறைந்துபோன ராகி

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை யாரையும் விட்டதில்லை. ஆகவே 1997-இல் எங்கள் உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் ராகி குறைகிறது என்று ஸ்டோர் அதிகாரி சுந்தரேசன் சொன்னதும், டைப்பிஸ்ட்டான நான்தான் முதலில் தனக்கோடியைத் திரும்பிப் பார்த்தேன்.

தனக்கோடி பக்கத்திலிருக்கும் மர்பி டவுன்காரி. ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. ராகியை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து, வேரைத் தேய்த்து உதிர்த்து மாவாக்குவது அவள் வேலை. முளைகட்டிய மாவின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேருமா என்பது சீனிவாசராகவன் சாரின் ஆராய்ச்சி. எடையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அவர் ஆறு மாதம் கனடா போனதும் அந்த வேலை சுந்தரேசனிடம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தனக்கோடியின் பெயர் நிரந்தர வேலைப் பட்டியலில் ஏறியிருந்தது. ஒரு புகார் போதும், பெயர் அடிபட்டுவிடும்.

பத்துக் கிலோ கொடுத்தால் எட்டரைதான் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும்.

"ஒன்றரை கிலோ எங்கே போறது? காத்துல கரைஞ்சுதோ?" என்றார் சுந்தரேசன்.

"சத்தியமா தெரியாது சார். வேண்ணா ரூமைப் பூட்டி சாவிய நீங்களே வச்சிக்கோங்க" என்றாள் தனக்கோடி.

பூட்டினார். அப்போதும் குறைந்தது. மாற்றுச் சாவி வைத்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். மாலையில் வாசலில் அவளைச் சோதிக்கும் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பையில் காலி டப்பாதான் இருந்தது. முந்தானையை உதறச் சொன்னேன், ஒன்றும் விழவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவள் கெட்டிக்காரி என்பதற்கு அத்தாட்சியாகப் பட்டது. ஒருநாள் வந்த அவள் பெண் கொழுகொழுவென்று இருந்தாள். எல்லாம் எங்கள் ராகிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், அவள் பெயரை நீக்கச் சொல்லும் கடிதத்தைச் சுந்தரேசன் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். மறுநாள் கையெழுத்தாக வேண்டியது.

அன்று மத்தியானம் கனடாவிலிருந்து பேக்ஸ் வந்தது. போன வருட அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் சார். பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தவளுக்குப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது. முளைக்கிற தானியம் தன் மாவையே எரித்து மூச்சு விடுகிறது, உதிரும் வேரையும் சேர்த்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறையும், அதைத் தடுக்க முடியாது என்று இருந்தது. அடியில், டைப் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சுந்தரேசனிடம் ஓடினேன். இரண்டு தடவை படித்தவர், கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மறுநாள் காலை தனக்கோடியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"அத டைப் அடிச்சது யாரும்மா?"

"நான்தான்."

"அடிக்கிறப்போ படிக்கலியா?"

"இல்லை."

"எனக்குத்தான் படிப்பு இல்ல. நீங்க கையால அடிச்சுட்டு, அப்பறம் என்னைய முந்தானைய உதறச் சொன்னீங்களேம்மா" என்றாள்.