மாந்தோப்பில் கொட்டிய சுண்ணாம்பு

எங்கள் நாற்பது ஒட்டு மாமரங்களைக் கெடுத்தவர் என் சின்ன மாமனார். பழியை என் மேல் போட்டார். இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எழுபதுகளின் கடைசி. ராசிங்காபுரம் பக்கம் குடும்பத்துக்குப் பொதுவான நிலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் கன்றுகளை நட்டோம். குழி வெட்டும்போதே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வந்தது. பொறுக்கி வரப்பில் போட்டோம். அது சுண்ணாம்பு மண் என்று எங்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு கோடையும் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது நான்.

நாலாம் வருடம் கொழுந்து மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சை. கிணற்றோரம் தானாக முளைத்த கொட்டை மாமரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சின்ன மாமனார் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மலையில் மழை பெய்து பெய்து மண் புளித்துவிடும். சுண்ணாம்பு போட்டால் செடி தேறும். அங்கே அது சரி. அவருக்குத் தெரிந்த வைத்தியமும் அது ஒன்றுதான். கூலியாட்களை இறக்கிவிட வந்த ஜீப்பில் ஆறு மூட்டை சுண்ணாம்பைப் போட்டுக் கொண்டுவந்தார்.

"மண்ணு புளிச்சுப் போச்சுடா. தூருக்கு ரெண்டு படி போடு. வெரசா பச்ச கட்டும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

"இது மல இல்லையே மாமா" என்றேன்.

"பாயசத்துல கெடந்தத விட்டா நீ ஏலக்காய எங்க பாத்த?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

தூருக்குத் தூர் சுண்ணாம்பைக் கொட்டினார். அடுத்த கொழுந்து வெள்ளையாகவே வந்தது. ஓரம் கருகியது. ஊர்ச்சாவடியில் பத்துப் பேர் முன்னால் அவர் சொன்னார்: "தீட்டோட தோட்டத்துக்குள்ள போறா. மரம் எப்படித் தாங்கும்?" அன்றோடு நான் தோட்டத்துக்குள் போகக் கூடாது என்றார்கள். மரங்களை வெட்டிவிட்டு இலவம் வைக்கவும் முடிவு செய்தார்கள்.

நாலு இலையையும் ஒரு பிடி மண்ணையும் முந்தானையில் முடிந்துகொண்டு தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே உரக்கடைக்காரரிடம் சுண்ணாம்பு போட்டதையும் கொட்டை மரம் நன்றாக இருப்பதையும் சொன்னேன். அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து அந்த மண்ணில் பிழிந்தார். மண் நுரைத்தது.

"பொங்குது பாரு ஆத்தா. இது தன்னாலயே சுண்ணாம்பு மண்ணு. இதுல போயி எவன் சுண்ணாம்பு போட்டது?"

"எங்க மாமா."

"நல்ல மாமா. மண்ணுல இரும்பு இருக்கு. சுண்ணாம்பு அத வேருக்கு விடாது. கொட்ட மரம் சமாளிச்சுக்கிரும். ஒங்க ஒட்டுக்கன்னோட அடிவேரு இந்த மண்ணுக்குச் சேரல. அன்னபேதின்னு இரும்பு உப்பு இருக்கு, வாங்கிட்டுப் போயி கரைச்சு எலையில தடவு. மண்ணுல போட்டா அந்த இரும்பும் வீண்."

துணி துவைக்கப் போவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். பக்கத்திலிருந்த ஒரு ஒட்டு மரத்தில் மட்டும் மூன்று கிளைக்கு, கரைத்த அன்னபேதியில் துணியை நனைத்துத் தடவினேன். அன்னபேதித் தண்ணீர் சேலையில் பட்டுத் துருக்கறையாகப் பிடித்தது. கொடியில் காய்ந்த சேலையைச் சின்ன மாமனார் பார்த்துவிட்டார்.

"கறையப் பாரு. இந்தக் கோலத்துலயே போயிருக்கா."

இரும்பு மருந்து என்றேன். யாரும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள். சொல்லை மீறி உள்ளே ஓடினேன். மூன்று கிளையும் பச்சை. அதே மரத்தில் மற்றதெல்லாம் மஞ்சள். கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்ட வந்தவரே கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, "என்னண்ணே, இது உசுரோடதான இருக்கு" என்றார்.

"ஒனக்கு வெட்டுறதுதான சோலி? வெட்டு" என்றார் சின்ன மாமனார்.

என் வீட்டுக்காரர் வாய் திறந்தார்: "அத மட்டும் விட்டுருங்க சித்தப்பா."

அத மட்டும். முப்பத்தொன்பது மரம் என் கண் முன்னால் விழுந்தது.

விட்ட மரத்துக்கு ஒவ்வொரு கொழுந்துக்கும் மருந்து தடவினேன். இன்றும் காய்க்கிறது. அந்தப் பழத்தைச் சின்ன மாமனாரும் தின்கிறார். தின்றுவிட்டுச் சாவடியில் உட்கார்ந்து, பொம்பளை கால் பட்டுத் தோப்பு அழிந்தது என்று புது மருமகள்களுக்குப் புத்தி சொல்கிறார்.

என் பேரைக் கெடுத்த அதே சாவடிக்கு அவர் வரட்டும். அவர் சுண்ணாம்பு படாத வரப்பு மண்ணை நான் கொண்டுவருகிறேன், எலுமிச்சம்பழத்தை அவர் கையால் பிழியட்டும். பிழிந்துவிட்டு ஊர் கேட்கச் சொல்லட்டும்: மரத்தைக் கெடுத்தது என் காலா, அவர் கொட்டிய சுண்ணாம்பா?