அழித்துவிட்டேன் என்று சொன்ன புஷ்பவல்லி

அரியலூரில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சந்தில் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிற புஷ்பவல்லிக்கு நாற்பத்து மூன்று வயது. இந்தக் கடை போட்ட பதினான்கு வருஷத்தையும் சந்தேகப்பட்டே கழித்திருக்கிறாள். டீ வந்தால் யார் சொன்ன டீ என்று கேட்பாள். புருஷன் மத்தியானம் போன் பண்ணி "சாப்ட்டியா?" என்றால், "என்ன திடீர்னு?" என்பாள். அவளையும் குறை சொல்ல முடியாது. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று தெரிந்ததும் நிலத்தின் விலை எங்கேயோ போய்விடுகிறது. அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை அவள் வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறாள்.

அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் அச்சாகிக் கைக்கு வந்த பிறகும் ஆட்கள் எழுந்து போகமாட்டார்கள். "கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சிடு புள்ள, நான் பாக்கறேன்" என்பார்கள். விஷயம் பங்காளிகள் காதுக்குப் போய்விட்டால் தடை மனு, வழக்கு என்று ஆகிவிடும். புஷ்பவல்லியும் திரையை அவர்கள் பக்கம் திருப்பி அழித்துக் காட்டுவாள். அவர்கள் நிம்மதியாகக் கிளம்புவார்கள்.

அவள் அழித்துக் காட்டுவது ஒரு நகலைத்தான். இன்னொன்று 'சமையல்' என்று பேர் வைத்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். சர்வே நம்பர் தப்பு என்று மறுவாரமே ஓடி வருகிறவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து யார் அடிப்பது? அவர்களை அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு, புதிதாக அடித்த மாதிரி எடுத்துக் கொடுப்பாள். அதற்கு ஒரு கொட்டாவியும் விடுவாள். ஊரையே சந்தேகப்படுகிறவளை ஊரில் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஒருநாள் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அரங்கநாதன் வந்து பார்த்தான். மூடியைக் கழற்றி ஊதினான், சந்தில் போகும் சிமெண்ட் லாரிகளின் தூசி கிளம்பி அவன் மீசை நரைத்தது.

"ஹார்ட் டிஸ்க் கிழடாயிடுச்சிக்கா. புதுசு ஒண்ணு போட்டு விண்டோஸ் ஏத்திட்டா பறக்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவன் புது டிஸ்க்கோடு படியேறும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அரங்கநாதன் ராசாங்கத்தின் மகன்!

கல்லங்குறிச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ராசாங்கம் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளிடம் வந்து, அத்தனையையும் மகள் மணிமொழி பேருக்கு எழுதி ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் அடித்தார். மகனுக்கு ஒரு சென்ட் கிடையாது. "யாருக்கும் தெரியக் கூடாது புள்ள" என்று சொல்லி, அழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்தப் பத்திரம் சமையலில் இருக்கிறது. இவன் கண்ணில் பட்டால் அப்பன் வீட்டில் வெட்டுக்குத்து. அதோடு புஷ்பவல்லி கடைக்கும் பூட்டு.

அவன் வேண்டுமென்றேதான் வந்திருக்கிறானோ? கூப்பிட்ட மறுநாளே எந்த மெக்கானிக் வந்திருக்கிறான்? நாற்காலியை அவன் முழங்கையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பழைய டிஸ்க்கும் உள்ளயே இருக்கட்டும்க்கா. அதுல இருக்கற ஃபைல மொதல்ல என் லேப்டாப்புல எடுத்து வச்சிக்கறேன், அப்பறம் திரும்ப ஏத்திடலாம்."

"உன் லேப்டாப்புலயா? எதுக்கு?"

"பத்திரமெல்லாம் இருக்குமேக்கா."

பத்திரம் என்று ஏன் சொன்னான்? "அதுல என்னா இருக்கு, ஒண்ணுமில்ல. நான்தான் எல்லாத்தையும் அப்பப்ப அழிச்சிடுறேனே" என்றாள்.

அவன் பென்டிரைவைச் செருகினான். நீலத் திரை வந்தது. மொழி, நேரம் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். பிறகு இரண்டு டிஸ்க்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எதில் ஏற்றுவது என்று அது கேட்டது.

"ஒண்ணுமில்லைனா பழசையும் துடைச்சிடலாம்க்கா. ரெண்டுலயும் விண்டோஸ் இருந்தா கொழப்பும். துடைச்சா திரும்ப வராது. பரவால்லியா?"

பதினான்கு வருஷத்து வேலை அதில் இருந்தது. இப்போது "இரு" என்றால், "என்னக்கா இருக்கு?" என்பான். திறப்பான்.

"அக்கா, நெசமாவே ஒண்ணுமில்லியா?"

ஏன் இரண்டு தடவை கேட்கிறான்? "தொடச்சிடு" என்றாள்.

அழுத்தினான். ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த இடத்தில் 'காலி' என்று காட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விண்டோஸ் ஏறி முடிய அரை மணி நேரம் ஆனது. தமிழ் எழுத்துருக்களைப் போட்டு, பிரிண்டரையும் இணைத்துவிட்டு, அரங்கநாதன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தான்.

"எங்க அப்பா ஒரு செட்டில்மெண்ட் அடிச்சாருல்ல, மணிமொழி அக்கா பேருக்கு. கால்வலில பதிய முடியாமப் போச்சு. அதுக்குள்ள சர்வே நம்பர்ல சப்டிவிஷன் மாறிடுச்சி. திங்கக்கிழம பதியறதுக்கு டோக்கன் போட்டிருக்கு, புதுசா அடிச்சிக் குடுங்க. இந்தாங்க தாய்ப்பத்திரம்."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான்க்கா எழுதச் சொன்னேன். மாமா தவறிப்போனதுக்கப்பறம் அக்காவுக்கு யாரு இருக்கா? எனக்குக் கைத்தொழில் இருக்கு. பெரியப்பா வூட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சாதான் தகராறு. அதான் உங்ககிட்ட அனுப்புனேன். நீங்கதான் அடிச்ச கையோட அழிச்சிடுவீங்களே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் அழிக்கல தம்பி. யாருதையும் அழிச்சதில்ல. இப்ப நீதான் அழிச்ச."

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "எல்லாருதுமா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். மேஜைமேல் வைத்த கவரை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன்க்கா" என்று வண்டியைக் கிளப்பினான்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ராசாங்கமும் மணிமொழியும் அரங்கநாதனும் எதிரே பதிவு அலுவலகப் படியேறினார்கள். வேறு எங்கேயோ அடித்த தாள் பெரியவர் கையில் இருந்தது. யாரும் சந்துப் பக்கம் திரும்பவில்லை.

போச்சு, இனி ஊரெல்லாம் சொல்லுவான் என்று புஷ்பவல்லி காத்திருந்தாள். யாராவது படியேறினால், சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். ஒரு வாரம் போனது, ஒரு மாதமும் போனது. கூட்டம் ஓர் ஆள்கூடக் குறையவில்லை. எப்போதும்போல வந்தார்கள், அடித்தார்கள், "அழிச்சிடு புள்ள" என்றார்கள். அவன் ஒருவரிடமும் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவளால் மத்தியானச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை.