சத்தமாய் ரகசியம் காத்தவர்

எங்கள் அம்பத்தூர் தொழிற்சாலைக்கு மனநல முதலுதவிப் பயிற்சி ஏற்பாடு செய்யும் வேலை, எச்.ஆர். என்பதால் என் தலையில் விழுந்தது. பயிற்சியாளரைத் தேடித் தேடிப் பிடித்தேன். ஆனால் பயிற்சிக்கு ஆள் அனுப்புவது சூப்பர்வைசர்கள். யார் இல்லாவிட்டாலும் உற்பத்தி நிற்காதோ, அவரைத்தான் அனுப்புவார்கள். பிரஸ் ஷாப்பிலிருந்து அப்படி ஒருவர் வந்தார். தீயணைப்புப் பயிற்சிக்கும் அவரேதான் வந்திருந்தார்.

அகன்ற தோள், மை தீட்டியது போன்ற மீசை. தகடு அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவிலேயே இருந்து பழகியதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். பயிற்சி முடிந்த மறுநாளே கேண்டீனில் ஒருவரின் தோளைப் பிடித்து, "மாமே, மனசுல இன்னா கீதோ சொல்லு, யாராண்டயும் சொல்ல மாட்டேன்!" என்றார். சாம்பார் வாளியோடு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பதறிப்போய், இப்படிப் பேச வருபவர்களுக்காக அவருக்குத் திரைச்சீலை போட்ட அமைதியான அறை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தேன். பல வாரம் காலியாகவே கிடந்தது.

"ஒருத்தர்கூட வரலையா?" என்றேன்.

"அங்க நுழைஞ்சாலே ஊருக்கே தெரிஞ்சிடும் மேடம். நம்ம மெஷினாண்டதான் வந்துகினு கீறாங்க!"

நம்பாமல் போய்ப் பார்த்தேன். ஓடும் இயந்திரத்தின் ஓரத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி அவர் காதில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த ஆள் போனதும் இவர் என்னிடம் குனிந்தார்.

"நீங்க எப்டி கீறீங்க மேடம்?"

நானும் கத்தினேன். வெகுநேரம் கத்தினேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்த அவருக்குக் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்கவும் இல்லை.